பாக்கியம் அக்காவின் பெட்டியும் நாலடி எர்த் குழாயும்

இப்போதெல்லாம் கடைக்குப் பெரிய குளிர்பெட்டி ஒன்று வாங்கினால், லொறியிலிருந்து இறக்கியவரே பிளக்கைச் சொருகி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து, கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். போன மாதம் எங்கள் தெருமுனைக் கடையில் இது என் கண்முன்னே நடந்தது. நான் பாண் வாங்கப் போயிருந்தேன். வாய் சும்மா இருக்காமல், "எர்த் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். வந்தவர் சிரித்தார்.

"அதெல்லாம் மெஷினுக்குள்ளயே ஈக்கிது ஹாஜி" என்றார்.

நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. தாடி நரைத்தவனுக்கெல்லாம் புத்தளத்தில் அந்தப் பட்டம் இலவசமாகக் கிடைக்கும். எர்த் மெஷினுக்குள் இருக்காது, மண்ணுக்குள்தான் இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் லொறி புறப்பட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்தும் கோபம் ஆறவில்லை. முன்பென்றால் மனைவியிடம் சொல்லித் திட்டித் தீர்த்திருப்பேன். அவள் மௌத்தாகி வருடங்கள் ஆகிவிட்டன. மகள் கட்டாரில் இருக்கிறாள். அவளுக்குத் தொலைபேசியில் எர்த் கம்பியைப் பற்றிச் சொன்னால், "வாப்பா, மருந்து குடிச்சீங்களா?" என்று கேட்பாள். திட்டைக் கேட்கக்கூட ஆளில்லாத வீட்டில் எழுதித்தான் ஆற வேண்டியிருக்கிறது.

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்ட நேரம், மன்னாரிலிருந்து எல்லாரோடும் வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது எனக்கு இருபதுகளின் நடு வயது. கிடுகுக் கொட்டிலில் இருந்தபடியே வயரிங் வேலை பழகினேன். பழக்கியவர் அதட்டுவார், நான் ஓடுவேன், அவ்வளவுதான் என் படிப்பு. பிறகு புத்தளம் நகரில், பேக்கரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் மீன் வாடிகளுக்கும் யந்திரங்கள் விற்றுப் பூட்டிக் கொடுக்கும் ஒரு கம்பனியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேதான் இருந்தேன். மாவு பிசையும் யந்திரம், பாண் சுடும் போறணை, ஐஸ் பெட்டி என்று இந்தக் கரையில் நான் கரண்ட் கொடுத்த யந்திரங்களை அடுக்கினால் ஒரு கிராமம் அளவுக்கு வரும்.

எங்கள் வேலைகளை மேற்பார்க்கும் போமன் பெர்னாண்டோ மாத்தயா சிலாபத்துக்காரர். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. வீட்டில் சிங்களம், வேலையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கிடையாது, மௌனம். நாம் ஒரு யந்திரத்தைப் பூட்டி முடித்ததும் வந்து சுற்றிப் பார்ப்பார். பிழை ஏதும் கண்ணில் பட்டால் வாய் திறக்கமாட்டார். பிளக்கைப் பிடுங்கி, அதை நம்முடைய உள்ளங்கையில் வைத்துவிட்டு, நேரே வேனுக்குப் போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். எங்கே பிழை என்று நாமேதான் தேட வேண்டும். கண்டுபிடித்துச் சரிசெய்து கூப்பிடும் வரைக்கும் அவர் கடலையோ தெருவையோ பார்த்துக்கொண்டிருப்பார். நாலு வார்த்தை ஏசினால் தேவலை என்று இருக்கும். கையில் பிளக்கோடு நிற்கிற அந்த நேரத்தில் உலகத்தில் நாம் மட்டும் தனியாக இருப்பது போலத் தோன்றும்.

முதன்முதலில் என் கையில் பிளக்கை வைத்தது ஒரு பேக்கரியில். மாவு பிசையும் யந்திரம். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது என்று வாதாடத் தயாராக நின்றேன். பிளக்கைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. மூன்று கம்பிகளையும் ஒரே நீளத்துக்கு வெட்டிப் பூட்டியிருந்தேன். எர்த்துக்குப் போகும் பச்சைக் கம்பியைச் சற்று நீளமாக, தளர்வாக விட வேண்டும். யாராவது வயரில் கால் இடறி இழுத்தால் கரண்ட் வரும் கம்பி முதலில் கழன்றுகொள்ள வேண்டும், எர்த் கடைசியில்தான் கழல வேண்டும். "எல்லாம் போன பொறகும் அது நிக்கோணும் நானா" என்று திரும்பி வரும் வழியில் மாத்தயா சொன்னார். முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் நானா என்றுதான் அவர் கூப்பிடுவார். அதன் பிறகு நான் பூட்டிய ஒரு பிளக்கிலும் பச்சை குட்டையாக இருந்ததில்லை.

எர்த் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. யந்திரத்துக்குள் ஓடும் கரண்ட், எங்காவது வயர் பழுதாகி அதன் இரும்பு உடம்பில் ஏறிவிட்டால், அது இறங்கிப் போக ஒரு வழி வேண்டும். பச்சைக் கம்பிதான் அந்த வழி. அந்தக் கம்பி முற்றத்தில் மண்ணுக்குள் இறக்கிய குழாயில் போய் முடியும். மண் அந்தக் கரண்டை நன்றாக வாங்கிக்கொண்டால் ட்ரிப் சுவிட்ச் விழுந்து கரண்டை நிறுத்தும், ஆள் தப்புவார். மண் வாங்க மறுத்தால், யந்திரத்தைத் தொடுகிறவர்தான் அடுத்த வழி.

எங்கள் கரையில் இந்த மண் ஒரு பெரிய தலையிடி. உப்பளத்துப் பக்கம் குழாயை இறக்கினால் மீட்டர் முள் ஆசையாகக் கீழே வந்து நிற்கும், அப்படி ஒரு ஈரம். முள் எவ்வளவு கீழே நிற்கிறதோ மண் அவ்வளவு நல்லது. ஆனால் அடுத்த மாரிக்குள் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப் பிஸ்கட்டைப் போல உதிர்ந்துவிடும். மாம்புரிப் பக்கம் தோட்டங்களுக்கு இறைப்பதால் பரவாயில்லை. வெறும் கடல்மணலில்தான் தொல்லை. மேலே காய்ந்த மணல் கரண்டை வாங்காது. கீழே நீர் ஊறும் மட்டம் வரைக்கும் குழாயை இறக்க வேண்டும். இறக்கச் சோம்பல் பட்டவர்கள் நாலடியோடு நிறுத்திவிடுவார்கள்.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

உடப்பிலிருந்து சற்று விலகி, கடலை ஒட்டி ஒரு வாடி வரிசை இருந்தது. மீன் பிடிக்கிறவர்கள் தங்கவும் மீனைத் தரம் பிரித்து ஐஸ் போடவும் கட்டிய கொட்டில்கள். அங்கே பாக்கியம் அக்கா என்று ஒருவர். புருஷன் இல்லை. அறுபதைத் தாண்டிய வயது, ஒட்டிய உடம்பு, கூர்மையான வாய். மகன் ரவியின் வாடியில் ஒரு பெரிய குளிர்பெட்டி இருந்தது. யுத்த காலத்தில் எங்கள் கம்பனி பூட்டிக் கொடுத்தது. பூட்டியவர் பிறகு வெளிநாடு போய்விட்டார். அக்கா அதில் பைகளில் தண்ணீர் ஊற்றி ஐஸ் ஆக்கி விற்பார், மீனும் எறாலும் வாங்கி வைத்துக் கொழும்பு வேனுக்குக் கொடுப்பார். அதுதான் அவருடைய சீவியம். மகனுடைய கையை எதிர்பார்க்காமல் நிமிர்ந்து இருந்தது அந்தப் பெட்டியால்தான்.

யுத்தம் முடிந்ததும் அந்தப் பக்கத்து மீனவர்கள் பழையபடி கிழக்குக் கரைக்குப் போகத் தொடங்கினார்கள். தென்மேல் காற்று வீசும் மாதங்களில் இந்தக் கடல் கொந்தளிக்கும், அந்தக் கடல் அமைதியாக இருக்கும். ஆகவே வலை, வள்ளம், சட்டி, பானை, பெண்சாதி, பிள்ளை என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் அங்கே வாடி போடுவார்கள். காற்று மாறினால் திரும்புவார்கள். தகப்பன் பாட்டன் காலத்து வழக்கம். யுத்தம் அதை நிறுத்தி வைத்திருந்தது. ரவியும் குடும்பத்தோடு போனான். பாக்கியம் அக்கா போகவில்லை.

"மருமகளோட ஒரு வீட்டுக்குள்ளயே இருக்க ஏலாது. ஒரு கொட்டிலுக்குள்ள எப்பிடி இருக்கிறது?" என்று என்னிடம் சொன்னார். களப்பில், அந்த உப்பேரியில், எறாலுக்கு வலை வீசுகிறவர்கள் சிலர் ஊரில் இருந்தார்கள். அவர்களிடம் வாங்கிப் பெட்டியில் வைத்து, தன் பாட்டில் இருந்துகொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு. அந்த வாடி வரிசையில் அந்த மாதங்களில் மனித வாடை என்றால் அவர் ஒருவர்தான்.

முதல் தொலைபேசி அழைப்பு அந்தப் பருவத்தில்தான் வந்தது. எங்கள் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் ரிஸ்னா என்னிடம் சொன்னாள்: "உடப்பில ஒரு அம்மாட பெட்டி கடிக்குதாம், தொட்டா கரண்ட் அடிக்குதாம்."

நாள் சொல்லிவிட்டு நான் போனேன். அக்கா வாசலில் நின்று வரவேற்றார். முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்துப் பளிச்சென்று இருந்தது. மணலில் விளக்குமாற்றுக் கோடுகள். வாசலருகே வாளியில் கால் கழுவத் தண்ணீர் வைத்திருந்தார். கழுவி உள்ளே போனேன். பெட்டியில் டெஸ்டரை வைத்தேன், எரியவில்லை. ட்ரிப் சுவிட்சின் பரிசோதனைப் பொத்தானை அழுத்தினேன், டக்கென்று விழுந்தது. வாசலோரம் இறக்கியிருந்த எர்த் குழாயைக் கழற்றி, தள்ளி மணலில் ஊசிகளைக் குத்தி, மண் கரண்டை வாங்குகிறதா என்று மீட்டரில் அளந்தேன். திறமென்று சொல்ல முடியாது, பிழையென்றும் சொல்ல முடியாது, அனுமதிக்கிற அளவுக்குள் இருந்தது. பெட்டியில் சின்னக் கரண்ட் கசிவு ஒன்று இருந்தது. கடல்காற்றுப் படுகிற பெட்டிகளுக்கு அது வழமை.

"இப்ப கடிக்காது அக்கா" என்றேன்.

"ஓம் தம்பி, இப்ப கடிக்கேல்ல" என்றார் அவரும் ஆச்சரியத்தோடு. தேத்தண்ணி தந்தார். பொரித்த எறால் தந்தார். மருமகளைப் பற்றி நீண்ட கதை ஒன்றும் தந்தார்.

சில நாட்களில் மறுபடி அழைப்பு. மறுபடி போனேன், மறுபடி எல்லாம் சரி. மூன்றாம் முறை மாத்தயாவே என்னோடு வந்தார். வாசலில் கால் கழுவி, தொப்பியைக் கழற்றி உள்ளே போய், பெட்டியைத் தலைகீழாகப் புரட்டாத குறையாகப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கவில்லை. எல்லாவற்றையும் தானே அளந்தார். தேத்தண்ணி குடித்தார். வேனில் ஏறிக் கொஞ்ச தூரம் வந்த பிறகு சொன்னார்:

"நானா, அம்மாவுக்கு வேண்டியது எர்த் இல்ல. ஆள்."

அதில் கேலி இல்லை. இரக்கத்தோடுதான் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அதன் பிறகு அலுவலகத்தில் அக்காவின் பெயர் மாறிப்போனது. தொலைபேசி அடித்தால் ரிஸ்னா, "ஹனீபா நானா, உங்கட சிநேகிதி" என்று கூப்பிடுவாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவசர வேலைகளுக்குப் பின்னால் அந்தப் பெயர் தள்ளிப் போகும். வருகிற கிழமை, அதற்கடுத்த கிழமை என்று ஆகும். தனியாக இருக்கிற ஒருவர் எதைச் சொன்னாலும், அது தனிமையில் சொல்கிறது என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இதை நான் இப்போது என் மகளோடு பேசும்போதும் காண்கிறேன்.

அந்த வருடம் எனக்கும் நல்ல வருடமில்லை. மனைவி மௌத்தாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என் தம்பி குடும்பத்தோடு மன்னாருக்குத் திரும்பிப் போய்விட்டான். எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. "காக்கா, நீங்களும் வாங்களன். அங்க நம்மட வளவு சும்மாதானே கிடக்கு" என்று தம்பி எத்தனையோ தரம் கேட்டான். வேலை இருக்கிறது என்று சொன்னேன். உண்மையில் அவளை அடக்கிய மண்ணை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அதைத் தம்பியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒருநாள் சிலாபத்தில் ஒரு ஹோட்டலுக்கு வேலைக்குப் போனேன். அங்கே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், பிறகு வரச் சொன்னார்கள். மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது உடப்புக்குத் திரும்பும் சந்தி வந்தது. புத்தளத்துக்கு நேரே போயிருக்கலாம். போனால் பூட்டிய வீடு. பாக்கியம் அக்காவின் அழைப்பு ஒன்று இன்னும் பார்க்காமல் கிடக்கிறதே என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். வேலைக்காக என்று சொல்ல ஒரு சாட்டு இருந்தது, அவ்வளவுதான். அங்கே போனால் ஒருவர் வாங்க என்று சொல்வார்.

வாடி வரிசை வெறிச்சோடிக் கிடந்தது. காற்று மணலை வாரி அடித்தது. அக்காவின் முற்றம் அன்று பெருக்கவும் இல்லை, தெளிக்கவும் இல்லை. வெள்ளை மணல் பொருக்காகக் காய்ந்து கிடந்தது. அக்கா கதவுக்குள் உட்கார்ந்து எறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறிப்போய் எழும்பினார்.

"ஐயோ, சொல்லாமக் கொள்ளாம வந்திட்டீங்களே தம்பி! முத்தம் கிடக்கிற கேடு! அப்பிடியே நில்லுங்க, வாறன்."

எழுந்த வேகத்தில் கிணற்றடியிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முற்றத்தில் சளாரென்று ஊற்றக் கையை ஓங்கினார். நான் வாசலைப் பார்த்தேன். அங்கே பெட்டிக்கு முன்னால், ஏறி நிற்பதற்கு நாலாக மடித்த சாக்கு ஒன்று தரையில் கிடந்தது. பக்கத்தில் ஒரு தென்னமட்டைத் துண்டு. பெட்டியின் மூடியைக் கையால் தொடாமல் நெம்பித் திறப்பதற்கு. எங்களுக்காக மட்டும் ஒழுங்காக இருந்த வீடு அது என்று அந்த நொடியில் எனக்குப் பட்டது.

"வைங்க அக்கா!" என்று கத்தினேன். "ஒரு சொட்டும் ஊத்தாதீங்க!"

அவர் பயந்துபோய் வாளியை வைத்தார். நான் உள்ளே போய் டெஸ்டரைப் பெட்டியின் உடம்பில் வைத்தேன். பகல் வெளிச்சத்திலும் தெரிகிற மாதிரி எரிந்தது. குழாயைக் கழற்றி, ஊசிகளைத் தூரத்தில் குத்தி அளந்தேன். முள் எழுந்து மறு கோடிக்குப் போய் நின்றது. அந்தக் குழாய் மண்ணோடு சேரவே இல்லை, சும்மா மணலில் நட்டு வைத்த தடி மாதிரி நின்றது.

"இப்ப ஊத்துங்க அக்கா" என்றேன். "குழாயைச் சுத்தி ஊத்துங்க. நான் வரும்போது எப்பிடி ஊத்துவீங்களோ அப்பிடி."

அவர் ஊற்றினார். ஒரு வாளி, இன்னொரு வாளி. அந்தக் கிணறு உவர் தண்ணீர், கரண்டுக்கு அது தேன். முள் மெல்ல மெல்ல இறங்கி, எங்கள் மூன்று வருகையிலும் நின்ற இடத்துக்கே வந்து நின்றது.

நான் அந்த ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்களுக்கு மரியாதை செய்ய ஊற்றிய தண்ணீர்தான் எங்கள் கண்ணைக் கட்டியிருந்தது. ஆள் வருகிற நாளில் முற்றம் நனையும், பெட்டி கடிக்காது. ஆள் இல்லாத நாட்களில் முற்றம் காயும், பெட்டி கடிக்கும். ட்ரிப் சுவிட்சின் பொத்தானும் எங்களை ஏமாற்றியிருந்தது. எர்த் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் விழும். அது சுவிட்சைத்தான் சோதிக்கும், மண்ணைச் சோதிக்காது. அங்கே போட்டிருந்தது பெரிய கசிவுக்கு மட்டும் விழுகிற வகை. சின்னக் கசிவுக்கெல்லாம் விழுந்தால் மீன் நாறிப் போகும் என்று முன்பு அப்படித்தான் போடுவார்கள். அந்த வகைக்கு மண் ஒழுங்காக இருந்தே ஆக வேண்டும்.

யுத்த காலம் முழுக்க இது ஏன் தெரியவில்லை என்பதும் அங்கே இருந்தபடியே விளங்கியது. அப்போது ஒருவரும் கிழக்குக்குப் போகவில்லை. வருடம் முழுக்க அந்த வாசலில் மீன் கழுவினார்கள், பெட்டி கழுவினார்கள், கால் கழுவினார்கள். பூட்டியவர் நாலடியோடு நிறுத்திய குழாய் எப்போதும் ஈரத்தில் நின்றது. சமாதானம் வந்தது, எல்லாரும் போனார்கள், மண் காய்ந்தது. தனியாக நின்றவரைப் பெட்டி கடிக்கத் தொடங்கியது.

"ஏன் அக்கா, முத்தத்துக்கு ஊத்தினத ஒருக்காலும் சொல்லேல்ல?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஆள் வாற வீட்டு முத்தத்தக் காய விடுறதா? இதயும் ஆரும் சொல்லிக்கொண்டு திரிவாங்களா?"

"இந்தச் சாக்கையும் மட்டையையும்?"

"அதுகள நீங்க வாற நேரம் எடுத்து ஒளிச்சு வைப்பன். அலங்கோலமாக் கிடக்குதெண்டு நினைப்பீங்க."

நான் மெயினை நிறுத்தினேன். அக்காவின் முகம் மாறியது.

"பெட்டி நிறைய எறால் தம்பி. நாளைக்கு வேன் வருது. வேர்வை சிந்தி வாங்கினது."

"எறால் போனா வாங்கலாம் அக்கா. இண்டைக்கு ஈரக் காலோட இந்தப் பெட்டியைத் தொட்டிருந்தா, பக்கத்தில கூப்பிட ஆளும் இல்ல."

பெட்டியின் மேல் சாக்குகளை அடுக்கி மூடினோம், குளிர் போகாமல் இருக்கட்டும் என்று. நான் மாத்தயாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். வேலைத்தலம் ஒன்றை விட்டுவிட்டு, பின்னேரத்துக்குள் வேன் வந்து நின்றது. உள்ளே நீளக் குழாய்கள், இணைப்புகள், அலவாங்கு, புதிய வகை ட்ரிப் சுவிட்ச் எல்லாம் இருந்தன.

இறங்கி வந்தவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. காய்ந்திருந்த ஓரத்தில் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளிப் பார்த்தார். உள்ளே போனார். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். வழக்கப்படி அது என் கைக்கு வருமென்று கையை நீட்டினேன். அவர் அதைத் தன் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு, நிறுத்தியிருந்த பெட்டியைச் சற்று நேரம் பார்த்தபடி நின்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க சொன்னது சரி. நாங்கதான் கேக்கல்ல" என்றார். அத்தனை வருடத்தில் அவர் வேலையிடத்தில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

கடல்மணலில் நீளக் குழாய் இறக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. சம்மட்டியால் அடித்தால் வளையும். குழாயை நிமிர்த்திப் பிடித்து, மேல்வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருபுறமும் திருக வேண்டும். தண்ணீர் கீழே மணலைக் கரைத்து வழிவிடும், குழாய் தன் பாரத்தில் இறங்கும். மாத்தயா பிடித்தார், நான் திருகினேன், அக்கா ஊற்றினார். ஒரு துண்டு முடிந்ததும் அடுத்த துண்டை இணைத்தோம். மேல் மணலில் சரசரவென்று இறங்கிய குழாய், ஓரிடத்தில் சட்டென்று கனத்து நின்றது. மாத்தயா காதைக் குழாயில் வைத்துக் கேட்டார். "தண்ணி" என்றார். அதற்குக் கீழேயும் இன்னும் இறக்கினோம். கிளாம்ப் போட்டு, உப்பு அரிக்காமல் கிறீஸ் பூசி, மேலே ஒரு சின்னச் சீமெந்துப் பெட்டி கட்டி மூடினோம். புதிய ட்ரிப் சுவிட்சையும் பூட்டினோம். அளந்தபோது முள் நல்ல இடத்தில் நின்றது. ஆனால் முற்றம் முழுக்க நாங்களே தண்ணீர் ஊற்றி நனைத்திருந்தோம். காய்ந்த மண்ணில் ஒருமுறை அளக்காமல் இந்தக் கணக்கை நம்ப முடியாது என்று மாத்தயா சொன்னார்.

பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தபோது எறால் இன்னும் கல்லாகத்தான் இருந்தது. அக்கா வெறும் கையால் மூடியைத் தொட்டார், எடுத்தார், மறுபடி தொட்டார். சிரித்தார். வேனில் ஏறப் போகும்போது என்னிடம் வந்தார்.

"இனிக் கடிக்காதா தம்பி?"

"கடிக்காது அக்கா."

"அப்ப இனி எதைச் சொல்லி உங்களக் கூப்பிடுறது?"

பகிடியாகத்தான் கேட்டார். மாத்தயா சொன்னதும் பொய்யில்லை. பெட்டியும் கடித்தது, அவருக்கு ஆளும் தேவைப்பட்டது.

"நான் வருவன் அக்கா. காய்ஞ்ச மண்ணில அளக்கோணும். ஆனா எண்டைக்கெண்டு சொல்லமாட்டன். சொன்னா நீங்க முத்தத்த நனைச்சிருவீங்க" என்றேன்.

"சொல்லாமலா வருவீங்க?" என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தக் காற்றுக் காலத்திலேயே ஒருநாள் சொல்லாமல் போனேன். முற்றம் நனைந்திருந்தது. விளக்குமாற்றுக் கோடுகள் கூட அழியவில்லை. "இண்டைக்கு வருவனெண்டு எப்பிடித் தெரியும்?" என்றேன். "தெரியாது" என்றார். "தெரியாதபடியாத்தான் ஒவ்வொரு நாளும் தெளிக்கிறன்." எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "ஒரு நாளைக்காவது காய விடுங்க அக்கா, அளவு எடுக்கோணும்" என்று கெஞ்சினேன். "அந்த ஒரு நாள் பாத்து நீங்க வந்து நிண்டா?" என்று கேட்டு, என் மீட்டர் பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

அடுத்த வருடமும் அதேதான். அதற்கடுத்த வருடமும். காலையில் போய்ப் பார்த்தேன், நடு மத்தியானத்தில் போய்ப் பார்த்தேன், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் கூடப் போய்ப் பார்த்தேன். ஒருமுறையாவது அந்த முற்றத்தைக் காய்ந்து காண எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. மாத்தயா ஓய்வு பெற்றுப் போகும்போது, "அந்த அம்மாட எர்த் இன்னும் அளக்கல்ல, என்ன நானா?" என்று கேட்டார். "இல்ல மாத்தயா, விடுறாவில்ல" என்றேன். அவர் சிரித்தார். எனக்கோ, அளந்து முடித்துவிட்டால் பிறகு போக ஒரு சாட்டும் இருக்காதே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இந்த உலகத்தில் நான் எந்த நாளில் வந்தாலும் வரலாம் என்று ஒருவர் முற்றம் நனைத்துக் காத்திருக்கிற இடம் அது ஒன்றுதான் இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய காற்றுக் காலத்திலும் வழமை போலப் போனேன். வாடி வரிசை அப்படியே வெறிச்சோடிக் கிடந்தது. பாக்கியம் அக்காவின் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். இறங்கியதும் செருப்புக்குக் கீழே மணல் பொருபொருவென்று நொறுங்கியது. கதவில் பூட்டுத் தொங்கியது. களப்புப் பக்கமிருந்து சைக்கிளில் வீச்சுவலையோடு வந்த ஒருவர் என்னைக் கண்டு காலை ஊன்றி நின்றார்.

"பாக்கியம் அக்காவா? அவவுக்குக் கண் நல்லாத் தெரியாமப் போச்சு பாஸ். மகன் வந்து கிழக்குக்கு ஏத்திட்டுப் போயிட்டான். இனி வரமாட்டா எண்டுதான் கதை. போற அண்டைக்கும் வாளியைத் தேடினவ, முத்தத்துக்குத் தெளிக்கோணுமெண்டு. மருமகள்தான் கையைப் பிடிச்சு ஏத்தினது" என்றார். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மருமகள்தான் கையைப் பிடித்தாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் அங்கே நின்று அழுதேன். பார்க்க ஒருவரும் இல்லாததால் வெட்கப்படவும் தேவை இருக்கவில்லை.

பிறகு பையைத் திறந்தேன். சீமெந்துப் பெட்டியின் மூடியைத் தூக்கி, கிளாம்பைக் கழற்றி, காய்ந்த மணலில் ஊசிகளைக் குத்தினேன். ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றவில்லை. முள் ஆடி, இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் அசையாமல் நின்றது. குழாய் கீழே நீரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது, முற்றத்துத் தண்ணீர் அதற்குத் தேவைப்பட்டிருக்கவில்லை.

"சரியா இருக்கு அக்கா" என்று சத்தமாகச் சொன்னேன். காற்று அதைப் பூட்டிய வாடிகளின் பக்கம் கொண்டுபோனது.